அக்காவின் அறைச் சுவர்

கூடத்துச் சுவரில் பழைய பெயிண்டைச் சுரண்டியபோது, செத்துப்போன அப்பா அதற்குள்ளிருந்து இருமினார். சின்னவள் சுரண்டும் தகட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர், "பல்லியா இருக்கும்" என்றார். பல்லி இருமாது என்பது அவருக்கும் தெரியும். இன்னும் ஒரு சாண் சுரண்டியதும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆளில்லாத ரூம்ல ஃபேனை யாரு ஓடவிட்டது?" என்று அதட்டினார். மனுஷன் போயும் கரண்ட் பில் கவலை போகவில்லையே என்று இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சின்னவள் அழுதாள். உதிர்ந்த தூளை அள்ளிக் காதோரம் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முறை வெளியே வந்த குரல் அத்தோடு சரி.

அந்த வீடு அக்கா அவளுக்கு விட்டுப்போனது. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தங்கைக்கு மூக்குச் சிந்திவிட்டு, தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அக்காதான். அப்படிப்பட்டவள், வேன் டிரைவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று சின்னவள் சொன்னபோது கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். வார்த்தை தடித்தது. சின்னவள் மாற்றுத் துணியோடு வெளியேறினாள். அதன்பிறகு ஒரே ஊரில் இருந்துகொண்டு இருவரும் பேசவில்லை. பஸ்ஸில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கும் வீம்பு மட்டும் ஒரே அச்சு. அக்கா படுத்த சேதி தெரியவில்லை. போய்ச் சேர்ந்த சேதிதான் வந்தது. பின்னாலேயே வீடு அவள் பெயருக்கு எழுதியிருப்பதாக வக்கீல் சொன்னார். ஆசைப்பட்டு எழுதினாளா, வேறு நாதியில்லாமல் எழுதினாளா? அப்பாவின் இருமலைக் கேட்ட நொடியில் சின்னவளுக்கு விளங்கியது, அதற்கான பதில் அக்காவின் அறைச் சுவரில்தான் இருக்கும் என்று. அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கூடத்தையும் சமையலறையையும் கையாலேயே சுரண்டினாள். அங்கே அக்காவின் குரல் மட்டும் வரவில்லை.

ஒவ்வொரு குரலுக்கும் அவள் உட்கார்ந்து அழுவதைப் பார்க்க வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. அவள் பெயிண்ட் கடைக்குக் கலர் பார்க்கப் போயிருந்த சமயம், தேய்க்கிற மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து அக்காவின் அறையை வழித்துவிட்டார். அவள் திரும்பியபோது அவர் முடி, புருவமெல்லாம் அந்த அறையின் பச்சைப் பெயிண்ட் தூள். "நீ கஷ்டப்பட வேணாம்னுதான்... முடிச்சிட்டேன்" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் மெஷினைக் கீழே வைத்தார்.

"ஏதாவது கேட்டுச்சா?"

"அந்த இரைச்சல்ல என்னம்மா கேக்கும்? யாரோ பேசிட்டே இருந்த மாதிரிதான் இருந்துச்சு."

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவளோ பச்சைத் தூளைக் கூட்டிக் குவித்து அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். முன்பு டெலிபோன் வைத்திருந்த சுவர்ப் பலகைக்குப் பின்னால், மெஷின் நுழையாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை மிச்சமிருந்தது. அதை மட்டும் தொடக் கூடாது என்றாள்.

விஷயம் தெருவில் பரவ அதிக நேரம் ஆகவில்லை. முதலில் மளிகைக்கடைக்காரர் வந்து தன் வீட்டையும் சுரண்டித் தரச் சொன்னார். செத்துப்போன அவர் மனைவி சுவரிலிருந்து, "சொன்னா என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?" என்று சீறினாள். இல்லை என்று அவர் தலையாட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், சின்னவள் சீக்கிரம் சுரண்டி முடித்துவிடப் போகிறாளே என்று டீ வாங்கி வந்து இடைமறித்தார். அப்படித்தான் தொழில் சூடுபிடித்தது. வீட்டுக்காரர் வேனை விட்டுவிட்டுப் பட்டி பார்க்கவும் கலர் கலக்கவும் கற்றுக்கொண்டார். வேலைக்கு ஆள் சேர்த்தார்கள். மெஷின் கிடையாது, பேச்சு கிடையாது, ரேடியோ கிடையாது. வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கலாம். ஒரு வீட்டில் மாமியாரைப் பற்றி மருமகள் எப்போதோ முணுமுணுத்தது அத்தனை பேர் முன்னாலும் வெளியே வந்து, பாதிச் சுவரோடு வேலையை நிறுத்தச் சொன்னார்கள். பெயிண்டில்தான் குரல் தங்கும், அதற்கு அடியிலிருக்கும் வெறும் சிமெண்ட் பூச்சில் தங்காது என்பதெல்லாம் போகப் போகத் தெரிந்தது. வருஷங்கள் போயின. ஊரில் பாதி வீட்டுச் செத்தவர்களைச் சின்னவளுக்குக் குரலால் தெரியும். தன் அக்காவை மட்டும் அவள் கேட்கவில்லை.

உள்ளங்கை அகலத்தில் நாலைந்து வார்த்தை இருக்கும், அனுபவத்தில் கண்டது. அது சாபமாக இருந்துவிட்டால்? சாபமில்லாவிட்டாலும், கேட்டபிறகு அக்காவிடம் கேட்க எதுவும் மிஞ்சாதே? அந்தப் பயத்தில் அதைச் சுற்றியே வெள்ளை அடித்துவந்தாள். ஒரு மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறி, அந்தப் பச்சை கொப்பளித்தது. யாரும் இல்லாத நேரத்தில் தானாக உதிர்ந்தால் அக்கா வெறும் அறையில் பேசிவிட்டுப் போவாள். இனி தள்ளிப்போட முடியாது.

வீட்டுக்காரர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் அருகில் நின்றார். சின்னவள் தகட்டை வைத்து அழுத்தினாள். சுவருக்குள் டெலிபோன் மணி அடித்தது. போன் இல்லாத பலகையை இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அக்காவின் குரல், சளி பிடித்த மாதிரி.

"ஹலோ... ஹலோ, யாரு?"

சின்னவள் தகட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள். தனக்கு மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி போனிலிருந்து இந்த வீட்டு எண்ணுக்கு அடித்தது அவள்தான். "யாரு?" என்று அக்கா கேட்டதும் பேச வாய் வராமல் போனை வைத்துவிட்டாள். அதற்குமேல் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. மிச்சமிருந்த ஓரத்தைச் சுரண்டினாள். லைன் துண்டான சத்தம். அதன்பின் வெகுநேரம் மூச்சு மட்டும். யாருமில்லாத போனில் அக்கா மெதுவாகக் கேட்டாள்:

"சின்னவளா?"

பச்சை தீர்ந்துவிட்டது.

"ஆமாக்கா" என்றாள் சின்னவள், வெறும் பூச்சைப் பார்த்து. அதில் எதுவும் தங்காது என்பது அந்த ஊரில் அவளைவிட யாருக்குத் தெரியும்? இருந்தாலும், "நான்தான்க்கா, பொண்ணு பொறந்திருக்கு" என்று முழுசாகச் சொன்னாள். வீட்டுக்காரர் மூலையில் போய்ச் சத்தமில்லாமல் பட்டி குழைத்தார். மறுநாள் காலையில் அவர்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வேலை இருந்தது, நேரத்துக்குப் போனார்கள்.