புத்தடி

1973இல் என் குறிப்பேட்டில் ஒரு சொல்லை எழுதி, அதன் கீழே மூன்று கோடு போட்டேன். புத்தடி. புதுப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். சவுக்குத் தோப்போரம் ஒரு கல் கிடந்தது. அதில் பக்கத்துப் பக்கத்தில் நீளவாக்கில் இரண்டு குழிகள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அகல் ஏற்றியிருந்தார்கள். விளக்குப் போடும் ஆதியம்மாள் கூடையில் மீன் விற்பவள். "இது என்ன சாமி அக்கா?" என்று கேட்டேன்.

"புத்தடிம்மா," என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தருக்குச் சிலை செய்யாத பழங்காலத்தில் அவருடைய பாதங்களைத்தான் கல்லில் செதுக்கிக் கும்பிட்டார்கள். புத்தர் அடி, புத்தடி! தமிழ்க் கடற்கரையில் பௌத்தம் என்பதுதான் என் ஆய்வு. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டு, லீவு நாளெல்லாம் பஸ்ஸில் அலைந்து, மூன்று வருஷத்தில் ஓர் உடைந்த தாமரைப் பீடம்கூட அகப்படாதவள் நான். "புத்தரோட அடிதானே?" என்று மறுபடி கேட்டேன். "ஆமா, புத்தடிதான்," என்றாள் அவளும். காது கேட்க விரும்பியதைக் கேட்டுக்கொண்டது.

என் வழிகாட்டி பேராசிரியர் ஜானகிராமன் லேசில் யாரையும் மெச்சாதவர். அவரே, "வச்சலா, இந்த நாலாவது அத்தியாயம்தான் உன் தீசிஸ். மத்ததெல்லாம் சும்மா முன்னுரை," என்றார். ஒரு வாரப் பத்திரிகையில் கட்டுரையும் எழுதினேன். அதைக் குப்பத்துக்குக் கொண்டுபோய் ஆதியம்மாளிடம் கொடுத்தபோது, படிக்கத் தெரியாவிட்டாலும் கல்லின் படத்தைப் பார்த்து மகிழ்ந்துபோனாள். தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்தாள்.

1975 ஆடி மாதம். எல்லாம் டைப் அடித்தாகிவிட்டது. சமர்ப்பிக்குமுன் பேராசிரியர் கல்லை நேரில் பார்க்க வேண்டும் என்றார். முந்தின நாள் வெள்ளிக்கிழமை, கல்லைக் கழுவி வைக்கலாமென்று நான் முன்னதாகவே போனேன். ஆதியம்மாள் ஒரு குழியில் பால் ஊற்றினாள். இன்னொன்றில் நாட்டுக்கோழி முட்டையை வைத்தாள்.

"புத்தருக்கு முட்டையா அக்கா?"

"அது யாரு புத்தரு? பாம்புக்குமா. இங்க ஆளு ஒசரத்துக்குப் புத்து இருந்திச்சி. பெருமழயில கரஞ்சி பூட்ச்சி. புத்துக்கு அடியில கீற கல்லு, அதான் புத்தடி. பாலுக்கு ஒரு குயி, முட்டைக்கு ஒரு குயி. எங்க மாமனார்தான் உளி வச்சிக் கொத்தினாரு."

புற்று! இந்தப் பக்கத்தில் யார் புற்று என்று சொல்கிறார்கள்? நானும் வீட்டில் புத்து என்றுதான் சொல்வேன். இந்த ஜில்லாவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஒரு நாள் மட்டும் ஏன் உறைக்கவில்லை? வேட்கை கண்ணை மறைக்கும், மனம் தனக்கு வேண்டியதையே பொருளின்மேல் ஏற்றிப் பார்க்கும் என்று பௌத்த உளவியலைப் பற்றி மூன்றாம் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக எழுதியவள் நானேதான். மணலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தைவிட்டே அழுதேன்.

ஆதியம்மாள் பயந்துபோனாள். விஷயத்தைச் சொன்னேன். "புத்தரு இல்லன்னா இன்னாம்மா ஆவும்?" என்றாள்.

"அஞ்சு வருஷப் படிப்பு போச்சு அக்கா."

அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, கல்பாக்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் பேராசிரியர் ஜீப்பில் என்னையும் அழைத்துக்கொண்டு வந்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று வழியெல்லாம் வாயெடுத்தேன், சொல்லாமலே வந்து சேர்ந்தேன். கல் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பாலும் இல்லை, முட்டையும் இல்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு ஆதியம்மாளிடம் கேட்டார்: "இது யாரோட அடிம்மா?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "புத்தரு அடிங்க. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து கும்பிட்டுகினு வர்றோம். பேப்பர்லயே வந்துகீது பாருங்கோ," என்று தகரப் பெட்டியிலிருந்து என் கட்டுரையை எடுத்து நீட்டினாள்.

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். அந்தப் பொய்யை என் ஆதாரமாக எழுதப் போகிறார். என்னால் தாங்க முடியவில்லை. "எழுதாதீங்க சார். இது புத்து அடி. பாம்புப் புத்து. நான்தான் தப்பா எழுதிட்டேன்," என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "நாலாவது அத்தியாயத்தை எடுத்துடு. இன்னும் ரெண்டு வருஷம் அலைய வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு நடந்தார். நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கிவைத்தாற்போல் இருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

ஆதியம்மாள் சிரிக்கவில்லை. அவள் முகம் கறுத்திருந்தது.

"ரா முச்சூடும் யோசிச்சி, உனக்காவ சாமி எதிர்லயே பொய் சொன்னேன். நீ பெரிய மனுசன் முன்னால என்ன பொய்க்காரி ஆக்கிட்டியே!"

பொய் சொல்லக்கூடாது என்ற புத்தரின் விதியைப் பற்றி முதல் அத்தியாயத்தில் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அவளுக்குச் சொல்ல அதில் ஒரு வரி இல்லை. அவள் கட்டுரையை என் கையில் திணித்துவிட்டு, தோப்புக்குள் ஒளித்துவைத்திருந்த பால் செம்பையும் முட்டையையும் எடுத்துவரப் போனாள்.