நாலாவது நாற்காலி

இது நாலாவது நாற்காலி. மகள் ஏறி உட்கார்ந்தாள், இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள், உதடுகளை உள்ளே மடித்து வாயை இறுக்க மூடிக்கொண்டாள். வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாய் ஓயாது. வகுப்பில் யார் யாரோடு காய் விட்டார்கள், பல்லிக்கு மொத்தம் எத்தனை விரல் என்று ஓடிக்கொண்டே இருக்கும். கேட்க ஆளில்லையென்றால் சுவரிடம் சொல்வாள். அந்த வாயைத்தான் மூன்று மாதமாக ஒரு டாக்டராலும் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு எரிச்சல் கிளம்பியது. வேண்டாத நேரத்திலெல்லாம் திறந்து கிடக்கும் சனியன், என்று மனதுக்குள் திட்டினாள். திட்டிய சூட்டோடு, ஐயோ பிள்ளை, என்றும் நினைத்துக்கொண்டாள்.

கோளாறு ஒரே ஒரு பல்லில். கீழ்வரிசையில் வலது பக்கம் கடைசிப் பல். அதில் கறுப்புப் புள்ளி விழுந்ததை அம்மா ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டாள். “பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும், விடு” என்றார் வீட்டுக்காரர். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக்; தேய்ந்த சாமானைக் கழற்றிவிட்டு வேறு மாட்டிப் பழக்கம். ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் இருப்பதெல்லாம் பால் பல்தான் என்று அவளும் நம்பினாள். பால் பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, சத்தம் காட்டாமல் நிலையான பல் முளைக்கும் என்று யாருக்குத் தெரிந்தது? வாய்க்கு வெளியிலிருந்தே எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு முதல் டாக்டர்தான் சொன்னார். “இது போனா வேற முளைக்காது. இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” அவர் போட்ட சத்தத்தில் சில்வண்டு மூடிய வாய்தான்.

அதற்கப்புறம் ஊரெல்லாம் விசாரித்தாள். துணி திருத்தித் தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. பேன்ட் நீளம் குறைக்க வருகிறவர், ஜிப் மாற்ற வருகிறவர், ஒருவரையும் விடவில்லை. ஆளுக்கொரு டாக்டரைச் சொன்னார்கள். இரண்டாவது டாக்டர் கைராசிக்காரர் என்றார்கள். மூன்றாமவரோ நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்” என்று அனுப்பிவிட்டார். இரண்டு வருஷம் தாங்கும் பல்லாக இருந்தால் இவரிடம் எதற்கு வருகிறோம்?

நாலாவதாகக் கிடைத்தவர்தான் இந்த டாக்டரம்மா. காகிதக் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை, ஒற்றை நாற்காலி. அதட்டவே மாட்டார் என்று கேள்விப்பட்டு வந்தாள். அதட்டாதது வாஸ்தவம். வேலையும் பார்க்கவில்லையே! முதல் தடவை நாற்காலியை மேலேயும் கீழேயும் ஏற்றி இறக்கிக் காட்டி அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை தன் வாயைத் திறந்து காட்டி, சில்வண்டின் கையில் குட்டிக் கண்ணாடியைக் கொடுத்து, பல்லை எண்ணச் சொன்னார். அவள் இருபத்தொன்பது என்றாள். டாக்டர் இருபத்தெட்டு என்றார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் விடுப்பு வாங்கி வந்தது டாக்டர் பல்லை எண்ணவா? அன்று மாடிப்படி இறங்கும்போது தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

இன்றைக்காவது நடக்க வேண்டும். “நரம்பத் தொடறதுக்கு முன்னாடி அடைச்சிட்டா பல்லு நிக்கும். இந்த மாசம் தாண்டினா எடுக்கத்தான் வேணும்” என்று டாக்டரே போன தடவை சொல்லியிருந்தார். மாசம் முடிய இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டுச் சில்வண்டுக்கு நேரே உட்கார்ந்தார்.

“நான் சொன்னது ஞாபகம் இருக்கா? நீ கையத் தூக்கினா நான் நிறுத்திடுவேன். எதுக்குன்னு கேக்க மாட்டேன்.”

சில்வண்டு கையைத் தூக்கிப் பார்த்தாள். டாக்டர் இரண்டு உள்ளங்கையையும் காட்டிப் பின்னால் சாய்ந்தார். கை இறங்கியது. உடனே மறுபடி தூக்கினாள். டாக்டர் மறுபடி சாய்ந்தார். நாலு தடவை, ஐந்து தடவை. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, என்னவோ பெரிய ஒப்பந்தம் நடக்கிற மாதிரி. அம்மாவின் பொறுமை அறுந்துபோனது.

“டாக்டர், இவ கை தூக்கிக்கிட்டேதான் இருப்பா. நீங்க நிறுத்திக்கிட்டே இருந்தா பல்லு எப்ப அடையும்? கண்ணு, ஒரே ஒரு தடவ ஆ காட்டுடி. வலிக்கவே வலிக்காது, சும்மா பாக்கத்தான் போறாங்க.”

“பாக்க மட்டும் இல்லைங்க, இன்னிக்கு அடைக்கத்தான் போறேன்” என்றார் டாக்டர், பிள்ளையைப் பார்த்தபடியே. “கொஞ்சம் கூசும். வண்டு கத்தற மாதிரி சத்தம் வரும்.”

 எல்லாம் போச்சு என்று நினைத்தாள் அம்மா. இப்படிப் பட்டென்று போட்டு உடைப்பார்களா பிள்ளையிடம்?

சில்வண்டு வாயைத் திறந்தாள். பல்லைக் காட்ட அல்ல, பேச.

“அம்மா, நீ வெளிய இரு.”

“என்னடி?”

“நீ வெளிய போ. நான் ஆ காட்டறேன்.”

“நான் இல்லாம நீ எங்கடி இருந்திருக்க?” அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. “டாக்டர், இவ தனியா ஒரு நிமிஷம் இருக்க மாட்டா.”

“நீ இருந்தா கையப் புடிச்சுக்குவ” என்றாள் சில்வண்டு.

 டாக்டர் தட்டிலிருந்த பஞ்சை எடுத்து வேறிடத்தில் வைத்தார். அம்மா தோள்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் இரண்டு பெஞ்சு. ஒரு பெண் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“பாப்பாவுக்குப் பல்வலியா?”

“ஆமா. உங்களுக்கு?”

“எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆறு மாசத்துக்கு ஒருதடவ ஒவ்வொருத்தரா வந்து காட்டிட்டுப் போயிடுவோம். இன்னிக்கு என் முறை.”

ஒன்றுமில்லாமல் பல் டாக்டரிடம் வருகிற ஜென்மங்களும் இருக்கிறார்களா! அவளுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. இதே பிள்ளையை, வலியில்லாத ஒரு நாளில், கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கலாம். கையைப் பிடித்து என்று நினைத்ததும் இரண்டாவது டாக்டரின் அறை கண்முன் வந்தது. சும்மா பார்க்கத்தான் என்று சொல்லித்தான் அங்கேயும் கூட்டிப் போனாள். அங்கே நர்ஸ் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். “கை ஆடக் கூடாது” என்றார் டாக்டர். பெற்றவள்தான் மணிக்கட்டு இரண்டையும் அமுக்கிப் பிடித்தாள். கத்தரி பிடித்துக் காய்த்த கை, பிடி விடவில்லை. கடைசியில் பிள்ளை டாக்டரின் விரலைக் கடித்துவைத்தது. கடிக்கும்வரை அது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று இரவு, பிள்ளை மணிக்கட்டைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, டாக்டர் சரியில்லை, வேறு ஆளைப் பார்க்க வேண்டும், என்றுதான் நினைத்தாள்.

உள்ளே வண்டு கத்தத் தொடங்கியது. அவள் எழுந்துவிட்டாள். கதவில் பாதிக்கு மேல் பனிக்கண்ணாடி, நிழல்தான் தெரியும். டாக்டரின் குனிந்த முதுகு, நாற்காலியின் சாய்ந்த நிழல். அதிலிருந்து ஒரு சின்னக் கை விருட்டென்று மேலே போனது.

சத்தம் நின்றது.

கதவைத் தள்ளப் போன கையை அவள் பாதியில் நிறுத்தினாள். உள்ளே யாரும் அதட்டவில்லை, கெஞ்சவில்லை. அந்தக் கை அப்படியே நின்றது. அந்த விரல்கள் கண்ணாடியில் கலங்கலாகத் தெரிந்தன. இறக்குடி, கண்ணு, இறக்கு, என்று அவள் உதடு முணுமுணுத்தது, சத்தம் வரவில்லை. அவளுடைய கை இரண்டும் தோள்பையின் வாரை முறுக்கிப் பிடித்திருந்தன.

உள்ளே அந்தச் சின்னக் கை மெதுவாக இறங்கியது. யாரும் இறக்கவில்லை, தானாகவே இறங்கியது. வண்டு மறுபடி கத்தத் தொடங்கியது.