பால் பொங்கிய கடை

கண்டி டவுனுக்கு உயிர் கொடுக்கப் போகிறோம் என்று கட்டடக் கம்பனிக்காரர்கள் பெரிய பலகை வைத்தார்கள். உயிர் இல்லாமலா பாலம்மா இருபத்திரண்டு வருஷமாக அந்த வரிசையில் ரொட்டியும் பிளேன்டீயும் விற்றாள்? பன்னிரண்டு மாடியில் சொகுசு வீடுகள் எழும்பி முடிந்தபோது வரிசையில் மிஞ்சியவை இரண்டே கடைகள். ஒன்று அவளுடையது, மற்றது பக்கத்துச் செருப்புக் கடை மக்கீனுடையது. கார்கள் உள்ளே போகும் பாதைக்கு அந்த இடம் வேண்டுமாம். புதுக் கட்டடத்தின் கீழ்மாடியில் ஆளுக்கொரு கடை தந்தால்தான் பழைய கடைச் சாவியைத் தருவோம் என்று இருவரும் ஒரே பிடியாக நின்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கம்பனி மேனேஜர் வீரசிங்கம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சில் தேன் வடியும்.

"அக்கா, வாற திங்கள் கீழ்மாடிக் கடையில நீங்கள்தான் பால் காய்ச்ச வேணும்."

"நானா சார்?"

"ஓம், நீங்கள்தான். சாவியையும் கையோட கொண்டு வாங்கோ."

பாலம்மாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? குடிபோகிறவள்தானே பால் காய்ச்சுவாள். தன் வீட்டில் அடுத்தவளைக் கூப்பிட்டுக் காய்ச்சச் சொல்லும் ஆள் உண்டா? கடிதம், கையெழுத்து என்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. நேரே மக்கீன் நானாவிடம் ஓடினாள்.

"நானா, கடை குடுத்துட்டாங்க! பால் காய்ச்சக் கூப்புட்டுட்டாங்க. ஒங்களுக்கும் பக்கத்துலயே இருக்கும். சாவியக் குடுத்துருங்க."

மக்கீன் தாடியைத் தடவினார். "பேப்பர் ஏதும் தந்தாங்களா தங்கச்சி?"

"பேப்பர் என்னா பேப்பரு? பொய்க்குப் பால் காய்ச்சுவாங்களா?"

அவர் அவளை நம்பினார். நம்பியதுதான் கேடு.

திங்கட்கிழமை புதுச் சேலை கட்டி, புதுப் பானையோடு அம்பிட்டிய வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், கமெரா படம் பிடித்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாவியை வீரசிங்கத்தின் கையில் வைத்துவிட்டுச் சுவரைக் காட்டினாள்.

"ரொட்டிக் கல்ல இந்தப் பக்கம் வைக்கலாமா சார்?"

வீரசிங்கம் விழித்தார். "இது கோப்பிக் கடைக்குக் குடுத்தாச்சு அக்கா. லண்டனில, கனடாவில இருந்து வீடு வாங்கப் போற எங்கட சனத்துக்கு விளம்பரம் எடுக்கிறம். பழைய வரிசை ஆக்களும் சந்தோசமா நிக்கினம் எண்டு காட்டத்தான் உங்களைக் கூப்பிட்டனான். கடை தாறன் எண்டு நான் சொல்லேல்லையே?"

சொல்லவில்லைதான். திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள், ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவரைத் திட்ட வந்த வாய் தன்னையே திட்டிக்கொண்டது.

"அப்ப அந்தச் சாவியத் திருப்பிக் குடுங்க சார்."

"இனி ஏலாது அக்கா. செருப்புக் கடைக்காரரும் காலமையே தந்திட்டார். அங்க உடைக்கத் தொடங்கியாச்சு."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு த்ரீவீல் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே கூரை முட்டச் செருப்புப் பெட்டிகள். இஸ்திரி போட்ட சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக மக்கீன் இறங்கினார். நல்ல காரியமென்று முதல் பெட்டியைத் தானே மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். தரையில் வழிந்திருந்த பாலை மிதிக்காமல் ஒதுங்கி நின்று, அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"பால் பொங்கிட்டா தங்கச்சி? அல்ஹம்துலில்லாஹ். எங்கட கடை எது?"