அயன்பெட்டி சுட்ட கதவு

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவர் நல்ல குடும்பத்தவர். இல்லாவிட்டால் எழுதவேண்டிய தேவையே வந்திராது.

"பேச முடியாதவர்கள் எழுதித் தாருங்கோ. பெயர் சொல்லாமல் வாசிக்கிறன்" என்று சுவேதினி சொன்னார். அவர் யாரென்று பிறகு சொல்கிறேன். "நான்" என்று தொடங்கிய தாள்கள் நான்கு. நான்கையும் கிழித்துவிட்டேன். ஐந்தாவது தாளில் "கிறகரி" என்று எழுதினேன், பேனை ஓடியது. கிறகரி யாரென்று வெளியூர் வாசகர் கேட்க வேண்டாம். ஊர் அறியும். ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. விடத்தல்தீவுக்கும் இலுப்பைக்கடவைக்கும் இடையில் எங்கோ ஒரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கைவிட்ட தொடக்கம்: கடற்காற்று இதமாக வீசிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், சம்மாட்டியார் குடும்பத்தின் மூத்த மகனான கிறகரி—

இல்லை. காற்று வீசவில்லை. மண்டபத்தில் இருந்த ஒரேயொரு மின்விசிறியும் பழுது.

2.

மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு, பங்கு மண்டபத்தில் பொது மெய்யியல் உரையாடல் நடக்கிறது. நடத்துபவர் சுவேதினி. பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பிப்பவர், ஊருக்குப் புதியவர். கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னார். கிறகரி தன் கதிரையை மட்டும் வட்டத்திலிருந்து ஒரு முழம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வள்ளமும் வலையும் வைத்து ஊருக்குத் தொழில் கொடுக்கும் சம்மாட்டியார் வீட்டவர்கள் யாருடைய வட்டத்துக்குள்ளும் போய் இருந்ததில்லை.

அன்றைய கேள்வி: குற்றம் செய்தவர் இறந்துவிட்டால், மன்னிப்பை யார் கேட்பது?

உயிலங்குளத்திலிருந்து வந்திருந்த கமக்காரர் கதிர்காமு முதலில் பேசினார்.

"பிள்ளை, என்ர வயலுக்க மாடு இறங்கினால் மாட்டை மன்னிச்சுப்போடுவன். அது வாயில்லாச் சீவன். பட்டியைத் திறந்து விட்டவன் வேலிக்கு அங்கால நிண்டு பாத்துக்கொண்டு நிண்டால், அவனையும் மன்னிக்கோணுமோ?"

"அவர் வந்து மன்னிப்புக் கேட்டால், ஐயா?"

"கேப்பானோ? மாடே தன்ரையில்லை எண்டெல்லோ சொல்லுவான்!"

மண்டபம் சிரித்தது. கிறகரியும் சிரித்தார். (அந்தச் சிரிப்பை மூன்று தரம் வெட்டினேன். இருக்கட்டும். சிரித்தது உண்மை.)

பிறகு பாத்தும்மா எழும்பினார். எண்பதை நெருங்கியவர். 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் எல்லோரும் வடக்கிலிருந்து வெளியேற்றப்படும்வரை சம்மாட்டியார் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் இருந்தவர். அன்றிலிருந்து புத்தளத்தில் சீவியம்; உரையாடலுக்கென்று பஸ்ஸில் வந்திருந்தார். கணவர் ஜமால்தீனும் அங்கேதான் காலமானார்.

"உங்கட பெரிய கதையள் எனக்கு விளங்காது, மகள். ஆர் ஆரை மன்னிக்கிறதெண்டும் தெரியாது. எங்கட முன்வாசல் கதவு எங்க போச்செண்டு ஆராவது சொன்னாக் காணும். மனுசன் மௌத்தாகிற வரைக்கும் அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தார். முதிரைக் கதவு. கீழ்ப்பலகையில அயன்பெட்டி சுட்ட வடு இருக்கும். மூத்தவள் பெருநாள் சட்டையைத் தேய்ச்சுப்போட்டு, சூட்டோட கொண்டுபோய்ச் சாத்தி வைச்சிட்டாள். வாப்பாவிட்ட வாங்கின அடியை இப்பவும் சொல்லுவாள்."

கதிர்காமு மட்டும் சிரித்தார். ஊரவர் ஒருவரும் சிரிக்கவில்லை.

3.

ஏன் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் கோவிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டி ஒன்று இருக்கிறது. குருவானவர் உள்ளே இருந்து பாவங்களைக் கேட்கும் மரக்கூடு. அதன் பக்கச்சுவர் ஒரு முதிரைக் கதவு. மேலே ஓட்டை போட்டுக் கம்பிவலை அடித்திருக்கிறது. முழந்தாளிடுபவரின் நெஞ்சுக்கு நேரே, கூர்முனையோடு ஒரு கரிய வடு. பொய்ச் சங்கீர்த்தனம் செய்த ஒருவனின் நெஞ்சு பட்டுச் சுட்ட இடம் அது என்பது ஊர்க்கதை. முதல் நன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, ஆயத்தமாகும் பிள்ளைகளை இந்தக் கதையால்தான் பயப்படுத்துவோம். வடுவுக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு: "சம்மாட்டியார் அ. சந்தியாப்பிள்ளை குடும்பத்தாரின் அன்பளிப்பு, 1993."

சந்தியாப்பிள்ளை கிறகரியின் தகப்பனார்.*

அதனால் ஊரவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கிறகரியைப் பார்த்தார்கள். கிறகரி முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"அந்த நாளையில எத்தினை கதவு போச்சுது, ராத்தா. ஆர் கண்டது?"

"அதுவும் சரிதான், தம்பி." பாத்தும்மா மெல்ல இருந்தார். "உங்கட ஐயா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். வீட்டைப் பூட்டித் திறப்பை அவரிட்டத்தானே குடுத்திட்டுப் போனனாங்கள்."

*இரண்டாயிரத்து எட்டில் ஊரே இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்தபோது கோவிலுக்குக் கூரை இல்லை. அந்தக் கதவு இருந்தது. அதை ஆண்டவர் செய்த புதுமை என்று சொன்னவர்களும் உண்டு. கிறகரி மறுக்கவில்லை.

4.

வீட்டுக்கு வந்ததும் மனைவி றோஸ்மேரி கேட்டார்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசியைக் கோவிலுக்க கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாமே?"

"ஐயாவின்ர பேர் அதில கிடக்கு."

"பேர் கிடக்கிறது எனக்குத் தெரியாதோ? முப்பது வருசமாத் தகட்டைப் புளி போட்டு மினுக்கிறவள் நான்தான்."

"ஐயா கள்ளனில்லை."

"ஆர் கள்ளனெண்டு சொன்னது? நீங்கள்தான் அந்தச் சொல்லை எடுக்கிறியள்." உடுப்பு மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அதுக்கு முன்னால முழந்தாளில நிண்டு இவ்வளவு காலமும் என்னத்தைச் சொன்னனியள்?"

[றோஸ்மேரி இவ்வளவு பேசவில்லை. கடைசிக் கேள்வியை மட்டும்தான் கேட்டார். மற்றவை நான் சேர்த்தவை. அந்தக் கேள்வியைத் தனியே எழுதி வைத்தபோது என்னால் பார்க்க முடியவில்லை.]

5.

இனி ஐயாவைப் பற்றி எழுதவேண்டும். ஒழுங்காக எழுதவேண்டும்.

வெளியேறியவர்களின் வீடுகளில் கதவுகளும் யன்னல்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஜமால்தீன் வீட்டுக் கதவையாவது காப்பாற்றவேண்டும் என்று அதைக் கழற்றி, வலைகள் வைக்கும் வாடியில் சாத்தி வைத்தார்கள். களவு நோக்கம் இல்லை. வேதாகமத்தில் கை வைத்துச் சொல்வேன். பிறகு ஷெல் விழுந்து கோவிலின் பழைய சங்கீர்த்தனத் தொட்டி சிதறியது. மரத்துக்குத் தட்டுப்பாடு. மூன்று வருடமாகச் சும்மா நின்ற கதவைச் சந்தியாப்பிள்ளை கோவிலுக்குக் கொடுத்தார். ஆண்டவருடைய வீட்டில் இருப்பது ஒருவருக்கும் களவாகாது என்று நம்பினார். பங்கும் நம்பியது. தகட்டில் எங்கள் பெயரை வெட்டுவித்தது பங்குச் சபை.

இதில் ஒவ்வொரு வசனமும் உண்மை. ஒரு வசனம் குறைகிறது.

கதவைக் கழற்றிய பிறகு அந்த வீட்டுக்குக் கதவு இல்லை.

ஒரு கிழமைக்குள் அலுமாரி போனது. கட்டில் போனது. கிணற்றுக் கப்பியும் போனது. பிறகு ஓடுகள். கடைசியில் சுவர் மட்டும் நின்றது. ஜமால்தீன் நம்பிக் கொடுத்த திறப்பு சந்தியாப்பிள்ளையின் இடுப்பில் கிடந்தது. வீடு ஆவென்று திறந்து கிடந்தது.

கதவின் பிணைச்சல்களைத் திருப்புளியால் கழற்றியவர் கிறகரி. அப்போது அவருக்கு முப்பது வயது. தகப்பன் சொன்னார், மகன் செய்தான் என்று எழுதிவிடலாம். ஆனால் கதவைக் கழற்றுவோம் என்று முதலில் சொன்னது—

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். வசனத்தை முடிக்கிறேன். முதலில் சொன்னது கிறகரி. ஐயா தயங்கினார். "பூட்டினபடி கிடக்கட்டும் மகன், அவங்கள் வருவாங்கள்" என்றார். கிறகரிதான் வற்புறுத்தினார்.

ஆகவே சுவேதினியின் கேள்வி இந்தக் கதைக்குப் பொருந்தாது. செய்தவர் இறக்கவில்லை. குடும்ப மானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, முப்பத்தைந்து வருடமாகத் தகப்பனுக்குப் பின்னால், அவர் இறந்த பிறகும், ஒளிந்து நின்றிருக்கிறார்.

6.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

கிறகரி எழும்பி எல்லாவற்றையும் சொல்கிறார். பாத்தும்மா அவருடைய கையைப் பிடித்து, "போகட்டும் தம்பி, அல்லாஹ் போதுமானவன்" என்கிறார். மண்டபம் அழுகிறது. இதை வெட்டிவிட்டேன். அந்தச் சொல்லை அவருடைய வாயில் வைக்க எனக்கு என்ன உரிமை? கதவை எடுத்தது போதும். சொல்லையும் எடுக்கக்கூடாது.

ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கிறகரி கோவிலுக்குப் போய்த் தகட்டைக் கழற்றி—

இன்னொரு தரம் திருப்புளியோடு, இன்னொரு தரம் ஒருவரும் பாராத நேரம். வேண்டாம்.

கதவைக் கழற்றிப் புத்தளத்துக்கு லொறியில் அனுப்புகிறார். அது எந்த வீட்டுக்கு முன்னால் நிற்கும்? வாங்குவதா விடுவதா என்று தீர்மானிக்கவேண்டியவர் பாத்தும்மா. அவரிடம் இன்னும் ஒருவரும் கேட்கவே இல்லை.

7.

இது வரும் ஞாயிறு வாசிக்கப்படும். பாத்தும்மா வருவார். பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டதாக அறிந்தேன்.

சுவேதினி, பெயர் சொல்லாமல் வாசிப்பதாகச் சொன்னீர்கள். நன்றி. ஆனால் இந்த இடத்துக்கு வந்ததும் தாளை மடித்து வையுங்கள். மெய்யியல் ஒன்றும் சொல்லவேண்டாம். எல்லோரும் வட்டத்துக்கு ஒரு முழம் வெளியே கிடக்கும் கதிரையைப் பார்க்கட்டும். அதில் இருப்பவருக்குச் சொல்லவேண்டியது ஒரே வசனம்தான்: ராத்தா, நான்தான் கழற்றினனான், வாங்கோ காட்டுறன். அது அவருக்கு மனப்பாடம். வாய் வருமா என்பது எனக்கே தெரியாது.

மண்டபத்தில் இல்லாமல் இதை அச்சில் வாசிப்பவரே, உங்களுக்கு அந்தக் கதிரை தெரியாது. அவர் எழும்பினாரா, அங்கேயே நிமிர்ந்து இருந்தாரா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். அவரை எழுப்பினால், கோவில்வரை நடக்க விடுங்கள். பாத்தும்மா குனிந்து அந்த வடுவில் கை வைக்கட்டும்.

அதற்குப் பிறகு அவர் என்ன சொல்வார் என்று மட்டும் எழுதாதீர்கள்.