மீன் தொட்டிக்குப் போன குழாய்

ராஜவேல் பைக்கிலிருந்து அரிசி மூட்டையை இறக்குவதற்குள் புவனேஸ்வரி கதவைத் திறந்துவிட்டாள். திறந்தவள் உள்ளே போகாமல் அப்படியே நின்றாள். வீட்டுக்குள்ளிருந்து புளித்த வாடை வந்தது.

அவளுக்குப் பழகிய வாடைதான். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் மணிவண்ணன் அந்த வாடை இல்லாமல் வீட்டுக்கு வந்ததே கிடையாது. ஒருநாள் அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். இடது காது அடைத்துப்போய், கீழப்பழுவூரில் அம்மா வீட்டிலேயே கிடந்தாள். அப்போது அவள் அண்ணன் ராஜவேல்தான் பெரம்பலூருக்கு வந்து மணிவண்ணனின் சட்டையைப் பிடித்தான். "இன்னொருவாட்டி குடிச்சேன்னு தெரிஞ்சுது, அடிச்ச கை இருக்காது மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றோடு மணிவண்ணன் குடியை விட்டான். டயர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். சாயங்காலம் கை சும்மா இருக்கக் கூடாது என்று ஒரு சின்ன மீன் தொட்டி வாங்கி, மாடிப்படிக்குக் கீழே பலகை போட்டு வைத்தான். இவளும் திரும்பி வந்தாள்.

இப்போது அம்மாவைப் பார்த்துவிட்டு அண்ணனோடு வந்திருக்கிறாள். வாசலில் இந்த வாடை.

"என்ன புவனா, நின்னுட்ட?" என்று பின்னால் வந்த ராஜவேலும் மூக்கை உறிஞ்சினான். கழற்றிய ஹெல்மெட் அவன் கையிலேயே இருந்தது.

உள்ளே மணிவண்ணன் பாயில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். மத்தியான நேரம். தொட்டிப் பலகைக்கு அடியில், பழைய துண்டு சுற்றிய பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்று இருந்தது. ராஜவேல் துண்டை விலக்கினான். உள்ளே கழுநீர் மாதிரி வெளுத்த தண்ணீர், மேலே நுரை.

"சாராய ஊறல் போட்டுருக்கான்" என்றான் ராஜவேல். "வூட்லயே ஊறல் போட்டுட்டு மல்லாந்து கெடக்கான் பாரு."

நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் பகலில் தூங்குவான் என்பது புவனேஸ்வரிக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த வாடை அவளை எதையும் யோசிக்க விடவில்லை. இடது காது தானாக ரீங்கரித்தது.

ராஜவேல் மணிவண்ணனின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். அவன் கண் விழிப்பதற்குள் ஹெல்மெட் முகத்தில் இறங்கியது. மூக்கிலிருந்து ரத்தம் பனியன்மேல் கொட்டியது.

"மச்சான், என்ன மச்சான்" என்றான் மணிவண்ணன். தூக்கத்தில் சிவந்த கண்ணும் குழறிய நாக்கும் ராஜவேலுக்குப் போதுமான சாட்சியாக இருந்தன. மறுபடி ஓங்கினான். அது தோளில் விழுந்தது. மணிவண்ணன் நகர்ந்து நகர்ந்து பலகையோடு முதுகை ஒட்டிக்கொண்டான். தொட்டித் தண்ணீர் தளும்பியது.

அப்போதுதான் புவனேஸ்வரி அதைப் பார்த்தாள். பாட்டில் மூடியிலிருந்து கண்ணாடி மாதிரி மெல்லிய குழாய் ஒன்று கிளம்பி, பலகைக்குப் பின்னால் ஏறி, தொட்டிக்குள் இறங்கியிருந்தது. அதன் நுனியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் செடிகளுக்கு நடுவே மேலே போய்க்கொண்டிருந்தன.

போன வாரம் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மணிவண்ணன் போனில் ஏதோ வீடியோ காட்டியது நினைவுக்கு வந்தது. "நம்ம தொட்டிக்கு வெளிச்சம் பத்தல. பெரிய லைட்டு போட்டா பாசி புடிச்சுடும். கொஞ்சமா வாயு வுட்டா போதும், செடி தழைக்குமாம். சக்கரையும் ஈஸ்ட்டும் கலந்து வெச்சா அதுவே வாயு வுடும்ங்கறான்." அவள் உம் கொட்டியிருந்தாள்.

எல்லாம் புரிந்துவிட்டது. அண்ணே, நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரவில்லை. மணிவண்ணன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தான். இதே மாதிரி, இதே மூலையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் இவன் ஓங்கிய கையோடு நின்றிருக்கிறான். அவள் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஹெல்மெட் அவன் மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம் கேட்டது. மணிவண்ணன் கத்தவில்லை. வாய் திறந்து மூச்சு மட்டும் வந்தது. ராஜவேல் பாட்டிலை ஓங்கி உதைத்தான். அது நசுங்கி, உள்ளே இருந்ததெல்லாம் குழாய் வழியே தொட்டிக்குள் பீய்ச்சியது. தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. மறுபடி அவன் கை தலைக்கு நேராக ஓங்கியது.

அந்த அடி விழுந்தால் ஆள் இருக்கமாட்டான் என்று தெரிந்த பிறகுதான் அவள் கால் அசைந்தது. பாய்ந்து போய் அண்ணனின் முழங்கையைக் கடித்தாள். பல் சதைக்குள் இறங்கி வாய் உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. ராஜவேல் அலறிக்கொண்டு இன்னொரு கையால் அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் சுவரில் போய் விழுந்தாள்.

"அது மீன் தொட்டிக்குப் போவுது அண்ணே" என்றாள், விழுந்த இடத்திலிருந்தே. "செடிக்கு வாயு. குடிக்கறதுக்கு இல்ல."

ராஜவேல் குழாயைப் பார்த்தான். பிறகு மண்டியிட்டு மணிவண்ணனின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தான். ரத்த வாடையும் டீ வாடையும்தான் இருந்தன. ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா கேட்டதற்கு, "படியில விழுந்துட்டேங்க" என்றான் மணிவண்ணன்.

"இல்லைங்க" என்றாள் புவனேஸ்வரி. "எங்க அண்ணன் அடிச்சாரு." அவள் அடிபட்டு வந்த நாட்களில் ஒருதடவைகூட இப்படிச் சொன்னதில்லை. வராண்டாவில் நின்ற ராஜவேலுக்கு அது கேட்டது. போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது அவன் எதையும் மறுக்காமல் அவர் பின்னாலேயே நடந்தான். போகும்போது தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் புவனேஸ்வரி வீட்டுக்குப் போய்த் தொட்டியை இறைத்தாள். மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன. குளித்துவிட்டு, இட்லி வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தாள். மணிவண்ணனின் வலது கையில் மாவுக்கட்டு, உதட்டில் தையல். சட்னி பட்டதும் அவன் முகம் சுருங்கியது. அவள் இட்லியைத் தண்ணீரில் அலசிப் பிய்த்து ஊட்டினாள்.

"சொல்லிட்டு வெச்சிருக்கணும் நானு" என்றான்.

"சொன்னீங்க. நாந்தான் சரியா காது குடுக்கல."

கொஞ்சநேரம் மென்றான். அவளுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"குழாய நான் முன்னாடியே பாத்துட்டேங்க. கை ஒடியறதுக்கு முன்னாடியே. பாத்துட்டும் சொல்லாம நின்னேன்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"தெரியும்" என்றான். "நீ குழாயப் பாத்துட்டு நின்னத நானும் பாத்தேன். அதுக்கப்புறந்தான் மச்சான்கிட்ட எதுவும் சொல்லாம குனிஞ்சுகிட்டேன்."

அவள் கையில் அடுத்த வாய் இட்லி இருந்தது. அதை நீட்டவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டி அவள் புடவையை நனைத்தது. வெகுநேரம் கழித்து அவன் வாயைத் திறந்தான். அவள் ஊட்டினாள்.