அவள் நின்றால் அவன் விழுவான்

மருந்துக்கடைக்காரி ஒற்றைக்காலில் ஆடாமல் நின்றால், எங்கே இருந்தாலும் அவள் கணவன் தொப்பென்று விழுந்தான். முன்பெல்லாம் விழுந்துகொண்டிருந்தவள் அவள்தான். யோகா வகுப்பில் மற்றவர்கள் ஒரு பாதத்தைத் தொடையில் ஊன்றி, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி மரம்போல் நிற்க, அவள் மட்டும் தள்ளாடிப் பக்கத்து ஆள்மேல் சாய்வாள். பின்வரிசை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சுவரில் ஒரு புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாள். கால்விரல்களை விரித்து ஊன்றச் சொன்னார்கள், ஊன்றினாள். ஒரு மழைக்காலக் காலையில், வீட்டுக் கூடத்தில், கால் தானாக நிலைத்தது. அதே நொடியில் சமையலறையில் கணவன் பாத்திரங்களோடு சரிந்தான்.

மறுநாளும் சரிந்தான். தரையில் சொட்டு ஈரமில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது, சொல்லத்தான் வாய் வரவில்லை. அவன் கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவன், பகலெல்லாம் ஏணிமேல் இருப்பவன். வகுப்பு நடக்கும் மாலைக்குள் இறங்கிவிடுவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வகுப்பின் ஆண்டு விழாவன்று ஆசிரியை அவளை முன்னால் நிறுத்தி, "இவங்க எப்படி இருந்தாங்க, இப்போ பாருங்க!" என்றார். அன்று வேலை முடிய நேரமாகும் என்று அவன் காலையிலேயே சொல்லியிருந்தான். தெரிந்தேதான் காலைத் தூக்கினாள். கைதட்டல் ஓயவே இல்லை. அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது.

ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டுக் கையோடு படுத்திருந்தவன் கேட்டான்:

"நல்லா நின்னியா?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"சமையக்கட்டுல விழுந்தப்பவே தெரியும். நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். கேட்டா விழுந்து கொடுத்திருக்க மாட்டேனா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாகத் தலைகுனிந்தே இருந்தாள்.

கை சற்றுக் கோணலாகவே கூடியது. வகுப்பு இருந்த தெருப்பக்கமே அவள் போகவில்லை. செருப்பு மாட்டக்கூட உட்கார்ந்துகொண்டாள், வருடக்கணக்கில். அவன் தலையில் நரை விழுந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் தலையணையைப் போட்டுப் படுத்துக்கொண்டு, "ம், நில்லு" என்றான். அவள் மறுத்துப் பார்த்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அதன்பின் எல்லா ஞாயிறும் அப்படித்தான். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் சுத்தியல் கேட்டு வந்தார். "அவ நிக்கிறா, நான் எந்திரிக்க முடியாது. உள்ள வந்து எடுத்துக்குங்க" என்றான் படுத்தபடியே. அவர் சரி என்று அவனைச் சுற்றிக்கொண்டு போய், எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.