எத்தனை நாள் வேண்டுமானாலும்

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் பக்கம் சாமை விதைக்கும் அம்மாக்கண்ணுவுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. மகள் அன்பரசியின் சாதிச் சான்றிதழ் மனு எட்டு மாதம் யார் மேசையில் கிடந்தது? நர்சிங் சீட்டு போய்விட்டது. போகவைத்தவன் பெயராவது தெரியட்டும் என்று மகளை எழுதச் சொல்லி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாள்.

'கோப்பு கிடைக்கவில்லை' என்று தாலுகா அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கையெழுத்து, தகவல் அலுவலர் பஞ்சாட்சரம். சிறந்த சேவைக்கு வாங்கிய மூன்று கேடயங்களும் வருகிறவர் கண்ணில் படும்படி மேசையில் வைத்திருப்பவர்.

அம்மாக்கண்ணு மேல்முறையீடு செய்தாள். விசாரித்த அதிகாரி கல்பனா, "ரெண்டு பேரும் பேசி முடிச்சிக்கலாமே" என்றார்.

பஞ்சாட்சரம் சிரித்தார். "நான் இன்னா ஒளிச்சா வெச்சிருக்கேன் மேடம்? ரெக்கார்டு ரூம் தொறந்துதான் கெடக்கு. இந்தம்மாவே வந்து தேடிக்கட்டும். எத்தினி நாள் வேணாலும்!"

கல்பனா அதை அப்படியே உத்தரவாக எழுதினார். தேடி முடிக்கும்வரை தகவல் அலுவலர் கூடவே இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் மலையிலிருந்து வரும் முதல் ஜீப்பிலேயே அம்மாக்கண்ணு வந்து இறங்கிவிட்டாள். ரெக்கார்டு ரூமில் மின்விசிறி கிடையாது. ஒவ்வொரு கோப்புக் கட்டையும் பஞ்சாட்சரத்தின் பக்கமாகத் திருப்பித் தூசி தட்டினாள்.

"இன்னா சார், தும்மலா? எழுந்து போய்டாதீங்க, ஆர்டர் கீது."

"உனக்குப் படிக்கவே தெரியாதேம்மா!"

"எம்பொண்ணு பேரு படிப்பேன் சார். ஒவ்வொரு எழுத்தா."

ஒவ்வொரு எழுத்தாகத்தான் படித்தாள். முதல் நாள் இரண்டு கட்டு. ஆறாவது நாள் பதினோராவது கட்டு. மீதி நானூறுக்கு மேல்.

ஏழாம் நாள் காலை பஞ்சாட்சரம் கோப்போடு ஓடி வந்தார். "கெடச்சிடிச்சி! மேடத்துக்குப் போன் போடுங்க!"

கல்பனா வந்தார். "எங்கே இருந்தது?"

"என் பீரோல..." என்றவர் வாயை மூடிக்கொண்டார். தாமதமாகத்தான்.

கல்பனா அதையும் எழுதினார்.

"சர்டிபிகேட் இன்னிக்கே தர்றேம்மா," பஞ்சாட்சரத்தின் குரல் இறங்கியிருந்தது. "கேஸ வாபஸ் வாங்கிடு."

"சர்டிபிகேட்டக் குடுங்க, வாங்கிக்கிறேன். பைலு நகலும் குடுங்க. மேடம் எழுதுனதும் ஒண்ணு." அம்மாக்கண்ணு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "மெட்ராசுல தகவல் ஆணையம் கீதாமே. அங்க வாங்க, பேசிக்கலாம்."